சுப்ரீம் கோர்ட் அனுமதி கொடுத்துவிட்டதா? பாலியல் தொழில் சட்டம் குறித்து ஓர் எளிய விளக்கம்

தர்மபுரி நாலு ரோடு பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் பேப்பர் ஒன்றுதான். நாலைந்து பேர் அதைத் தாள் தாளாகப் பிரித்துப் படிப்போம். ஒரு நாள் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. லாட்ஜில் போலீஸ் சோதனை, புரோக்கர் கைது, ‘அழகிகள்’ இருவர் மீட்பு. படித்தவர் தாளை மடித்து வைத்துவிட்டு, “அதான் சுப்ரீம் கோர்ட்டே இது தப்பில்லைன்னு சொல்லிடுச்சே, அப்புறம் எதுக்குப் பிடிக்கிறாங்க?” என்றார்.

“யாருங்க சொன்னது? நம்ம நாட்டுல அது குத்தம்தான். குத்தம் இல்லைன்னா குண்டாஸ்ல எப்படிப் போடுவாங்க?” என்றார் அடுத்தவர். மூன்றாமவர் லாரி ஓட்டுகிறவர். “பாம்பேல அதுக்கு லைசென்ஸே இருக்குதுங்க” என்று அடித்துச் சொன்னார்.

கடைக்கார அம்மா கிளாஸ் கழுவியபடியே, “அந்தப் பொண்ணுங்க இப்ப எங்க இருக்குதுங்க?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

நான் சட்டம் படித்தவன் என்பதால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மூன்று பேர் சொன்னதும் தவறு, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது என்றேன். டீ ஆறுவதற்குள் விளக்கி முடிக்க முடியவில்லை. அன்று விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கலந்து கிடக்கும் இரண்டு விஷயங்கள்

நம் ஊர்ப் பக்கம் செங்கல் சூளைகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் ஒரே சூளையில், ஒரே மாதிரி மண் மிதிக்கிறார்கள். ஒருவர் கூலிக்கு வந்தவர், சனிக்கிழமை கணக்கு முடித்துக்கொண்டு போய்விடலாம். இன்னொருவர் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர். அவரால் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. வேலை ஒன்றுதான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு. இரண்டாவதற்குப் பெயர் கொத்தடிமை. அங்கே குற்றவாளி சூளை முதலாளி, மண் மிதிப்பவர் அல்ல.

பாலியல் தொழிலைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவினைதான் முதலில் காணாமல் போகிறது. ஒரு பெண்ணை ஏமாற்றியோ, மிரட்டியோ, கடனில் சிக்கவைத்தோ, விலைக்கு வாங்கியோ இதில் தள்ளுவது ஆள்கடத்தல். பெங்களூருவில் வீட்டு வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்று கூட்டிப்போய் வேறு இடத்தில் விடுவது இந்த வகை. இது எந்த விவாதத்துக்கும் இடமில்லாத கொடுங்குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு இதைத் தண்டிக்கிறது. 18 வயதுக்குக் கீழே என்றால் ‘அவளே சம்மதித்தாள்’ என்ற பேச்சே எடுபடாது. அது 2012-ன் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

வயது வந்த ஒருவர் யாருடைய கட்டாயமும் இல்லாமல் பணத்துக்காக உடலுறவு கொள்வதைத்தான் இந்தக் கட்டுரையில் பாலியல் தொழில் என்று எழுதுகிறேன். கட்டாயமே இல்லை என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும், வறுமை ஒரு கட்டாயம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விவாதத்தின் முடிச்சே அதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

‘விபச்சாரம்’ என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன். அது ஒருவரின் நடத்தையைத் தீர்ப்பிடும் சொல், நடந்தது என்ன என்பதை அது சொல்வதில்லை. ‘அழகிகள்’ என்ற பத்திரிகைச் சொல் எனக்கு இன்னும் வலிக்கிறது. மீட்கப்பட்டவர் என்று எழுதிவிட்டு, அதே வரியில் அவரை வேடிக்கைப் பொருளாகவும் ஆக்கிவிடுகிறது. சொல்லைப் பற்றிய சண்டை உச்ச நீதிமன்றத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. 2023-ல் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேட்டில் ‘பாலியல் தொழிலாளி’ என்ற சொல்லை அது பரிந்துரைத்தது. ஆள்கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகள், ‘கடத்தப்பட்டவரையும் தொழிலாளி என்பீர்களா?’ என்று ஆட்சேபித்தன. பிறகு அந்தச் சொல் மாற்றப்பட்டது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆள்கடத்தலும் குழந்தைகளைச் சுரண்டுவதும் என்றும் எங்கும் குற்றம். வயது வந்தவர்களின் பாலியல் தொழிலைச் சட்டம் எப்படி நடத்த வேண்டும் என்பதில்தான் விவாதம் எல்லாம்.

ஒரு தையல் மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள்

இந்தத் தொழிலைப் பற்றிய நம் சட்டத்தின் பெயர் விபச்சாரத் தடுப்புச் சட்டம். 1950-ல் இந்தியா கையெழுத்திட்ட ஒரு சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி 1956-ல் வந்தது. 1986-ல் திருத்தப்பட்டு இன்றைய பெயரைப் பெற்றது. இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு கற்பனை. தொழில் எப்படிப்பட்டது என்பதை ஒப்பிடவில்லை, சட்டம் கட்டப்பட்டிருக்கும் விதத்தை மட்டும் ஒப்பிடுகிறேன்.

பாலக்கோட்டில் ஒரு பெண் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். தைப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. சரி. ஆனால் துணைக்கு இன்னொரு தையல்காரியைச் சேர்த்துக்கொண்டு, இருவரும் ஒரே அறையில் தைத்துச் சம்பாதித்தால் அந்த அறை சட்டவிரோத இடம். தெரிந்தே அந்த அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரருக்குச் சிறை. ‘இங்கே ஜாக்கெட் தைத்துத் தரப்படும்’ என்று போர்டு மாட்டினால் அவருக்கே சிறை. பள்ளிக்கூடம், கோவில், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தைத்தால் சிறை. தையல் காசில் சாப்பிடும் 18 வயது தாண்டிய மகன் மீதும் வழக்குப் போடலாம். இத்தனைக்குப் பிறகும் ‘தைப்பது குற்றமில்லை’ என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கும்.

இனி உண்மைச் சட்டத்துக்கு வருவோம். ‘பிராத்தல் கேஸ்’ என்று போலீஸ்காரர்கள் சொல்வார்களே, அந்த பிராத்தலுக்கு, அதாவது விடுதிக்கு, சட்டம் தரும் விளக்கம் மிகவும் அகலமானது. வேறொருவர் லாபத்துக்காக நடக்கும் இடம் மட்டுமல்ல, இரண்டு பெண்கள் தங்கள் இருவருடைய வருமானத்துக்காகச் சேர்ந்து பயன்படுத்தும் வீடோ அறையோ வண்டியோகூட விடுதிதான். அதை நடத்துவது 3-வது பிரிவின் கீழ் குற்றம், முதல் முறைக்கு 1 முதல் 3 ஆண்டு வரை கடுங்காவல். பாலியல் தொழில் செய்பவரின் வருமானத்தில் வாழ்வது 4-வது பிரிவு. ஆள் பிடித்துக் கொடுப்பது, இதில் தள்ளுவது 5-வது பிரிவு. அடைத்து வைப்பது 6-வது பிரிவு, அதற்கு ஆயுள் தண்டனைவரை உண்டு. 200 மீட்டர் விதி 7-வது பிரிவு. தர்மபுரி டவுனில் கோவிலும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இல்லாத 200 மீட்டரை நீங்களே தேடிப் பாருங்கள்.

8-வது பிரிவுதான் அதிகம் பேசப்பட வேண்டியது. பொது இடத்தில் சொல்லாலோ ஜாடையாலோ வாடிக்கையாளரை அழைப்பது குற்றம், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை. அதே குற்றத்தை ஓர் ஆண் செய்தால் 7 நாளிலிருந்து 3 மாதம்தான். இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது, இன்னும் குறையவில்லை.

வாடிக்கையாளர்? பெரும்பாலும் சட்டம் அவரைத் தொடுவதில்லை. 200 மீட்டருக்குள் நடந்தால் 7-வது பிரிவு அவரையும் சேர்த்துக்கொள்ளும். கடத்தப்பட்டவர் என்று தெரிந்தே போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 144-வது பிரிவு இருக்கிறது. வெறுமனே பணம் கொடுத்துப் போனவரை விபச்சாரத் தடுப்புச் சட்டத்தின் 5-வது பிரிவுக்குள் கொண்டுவரலாமா என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தீர்ப்பளித்திருக்கின்றன.

டீக்கடை நண்பர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டின் 14-வது சட்டத்தில், விபச்சாரத் தடுப்புச் சட்டக் குற்றவாளிகளும் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் புரோக்கர்கள் ‘குண்டாஸில்’ உள்ளே போகிறார்கள். தொழிலே குற்றம் என்பதால் அல்ல. லைசென்ஸ் என்பது இந்தத் தொழிலுக்குப் பேர்போன மும்பை காமாட்டிபுராவிலும் இல்லை, கொல்கத்தா சோனாகாச்சியிலும் இல்லை, இந்தியாவில் எங்குமே இல்லை. பகிரங்கமாக நடக்கிறது என்பதற்காக உரிமம் இருப்பதாக அர்த்தமில்லை.

ஆக, இந்தியாவில் பாலியல் தொழில் தன்னளவில் குற்றமல்ல. அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாம் குற்றம்.

கோர்ட் சொன்னதும் சொல்லாததும்

1999 செப்டம்பரில் கொல்கத்தாவில் பாலியல் தொழிலில் இருந்த ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்றவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 2011 பிப்ரவரியில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், வழக்கை அத்தோடு மூடவில்லை. கொலையுண்டவர் எப்படிப்பட்ட வாழ்க்கையில் இருந்தார், அவரைப் போன்றவர்களுக்கு அரசு என்ன செய்கிறது என்று தானாகவே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டது. மூத்த வழக்கறிஞர் பிரதீப் கோஷ் தலைமையில் ஒரு குழு அமைத்தது. ஆள்கடத்தலைத் தடுப்பது, வெளியேற விரும்புகிறவர்களுக்கு மறுவாழ்வு, தொடர்கிறவர்கள் கண்ணியமாக வாழும் சூழல் என்று மூன்று வேலைகள் அந்தக் குழுவுக்குத் தரப்பட்டன.

குழு அறிக்கை கொடுத்தது. ‘சட்டம் கொண்டுவரப் போகிறோம்’ என்று மத்திய அரசு சொன்னது. ஆண்டுகள் போயின, சட்டம் வரவில்லை. 2022 மே 19 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய், ஏ.எஸ். போபண்ணா அமர்வு அரசியலமைப்பின் 142-வது பிரிவைப் பயன்படுத்தி உத்தரவிட்டது.

142 என்றால் என்ன? தொப்பூர்ப் பக்கம் ரோட்டு வேலை நடக்கும்போது ‘டைவர்ஷன்’ போட்டிருப்பார்கள். பாலம் கட்டி முடிக்கும்வரை வண்டிகள் நிற்கக் கூடாது என்பதற்காக ஒரு தற்காலிகப் பாதை. 142 அதுபோலத்தான். சட்டம் இல்லாத இடத்தில், நாடாளுமன்றம் சட்டம் செய்யும்வரை முழு நீதி கிடைக்க உச்ச நீதிமன்றம் போடும் தற்காலிகப் பாதை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றி 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்ததே, அதுவும் இப்படி ஒரு தற்காலிகப் பாதையாக வந்ததுதான். அதற்கான சட்டம் 2013-ல்தான் வந்தது. டைவர்ஷனிலேயே 16 ஆண்டு ஓட்டியிருக்கிறோம்.

எல்லோரும் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. குழு பரிந்துரைத்தவை பத்து. ‘வயது வந்தவர், சம்மதத்துடன் தொழில் செய்கிறார் என்றால் போலீஸ் தலையிடக் கூடாது’ என்பது அதில் ஒன்று. ‘விடுதிச் சோதனையில் பெண்களைக் கைது செய்யக் கூடாது’ என்பது இன்னொன்று. செய்தியாகப் பரவியவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். ஆனால் பத்தில் நான்கைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்று மத்திய அரசு தெரிவித்தது. அந்த நான்கில் இந்த இரண்டும் அடக்கம். மீதி ஆறைத்தான் மாநில அரசுகள் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

கிராம சபையில் பத்துத் தீர்மானம் போட்டு அனுப்புகிறோம். கலெக்டர் ஆறுக்கு ஆர்டர் போடுகிறார். தீர்மானப் புத்தகத்தில் பத்தும் இருக்கும். அதைப் படித்தவர், ‘பத்துக்கும் ஆர்டர் ஆகிவிட்டது’ என்று ஊரில் சொன்னால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆனது.

உத்தரவான ஆறும் சின்ன விஷயங்கள் அல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளானால், மற்ற எந்தப் பெண்ணுக்கும் தரும் உடனடி மருத்துவ உதவி இவர்களுக்கும் தர வேண்டும். மீட்கப்பட்டவர்களை வைக்கும் காப்பகங்களில் ஆய்வு நடத்தி, விருப்பமில்லாமல் அடைக்கப்பட்ட வயது வந்த பெண்களின் வழக்குகளைப் பரிசீலித்து விடுவிக்க வேண்டும். போலீஸ் வாயாலோ கையாலோ துன்புறுத்தக் கூடாது. பத்திரிகைகள் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது. அவர்களுடைய உரிமைகள் என்னென்ன என்பதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் அவர்களுக்கே சொல்லித்தர வேண்டும். இவற்றோடு, முகவரிச் சான்று கேட்காமல், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றை வைத்து ஆதார் வழங்கவும் வழி செய்யப்பட்டது. வாடகைக்கு வீடே கிடைக்காத ஒருவரிடம் முகவரிச் சான்று கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எந்தத் தொழிலில் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் கண்ணியமாக வாழும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவில் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. இதை வைத்துத்தான் ‘தொழிலாக அங்கீகரித்துவிட்டது’ என்ற தலைப்புகள் வந்தன. ஆனால் 1956 சட்டத்தின் ஒரு பிரிவைக்கூட நீதிமன்றம் நீக்கவில்லை. அதிகாரிகள் அந்தச் சட்டப்படி நடக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

ஆகவே அனுமதியும் தரவில்லை, தடையும் போடவில்லை. அந்தப் பெண்கள் மனிதர்கள், குடிமக்கள் என்பதை உத்தரவாக எழுதியது. மீதியை நாடாளுமன்றத்துக்கு விட்டது.

உலகம் போன வழிகள்

சட்டத்தை மாற்றுவதென்றால் எப்படி மாற்றுவது? ‘சட்டபூர்வமாக்குவது’ என்று எல்லோரும் பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்களே, அதற்குள் ஒன்றுக்கொன்று முரணான வழிகள் இருக்கின்றன.

கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் தண்டிப்பது ஒன்று. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அப்படித்தான். உரிமம் கொடுத்து, விதி போட்டு, பதிவு செய்து நடத்த விடுவது இன்னொன்று. பட்டாசுக் கடை லைசென்ஸ் மாதிரி. ஜெர்மனி 2002-ல் இந்தப் பக்கம் போனது. நம் லாரி ஓட்டும் நண்பர் மனதில் இருப்பது இதுதான்.

குற்றநீக்கம் என்பது இதிலிருந்து வேறு. தனி உரிமமும் வேண்டாம், தனித் தண்டனையும் வேண்டாம், குற்றப்பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, மற்ற வேலைகளுக்குள்ள பாதுகாப்பு விதிகளைப் பொருத்துவது. நியூசிலாந்து 2003-ல் இதைச் செய்தது. நாடாளுமன்றத்தில் ஆதரவு 60, எதிர்ப்பு 59. ஒரே ஓட்டு வித்தியாசம். குற்றநீக்கம் என்றால் நல்லது என்று சான்றிதழ் தருவது என்று நினைத்துவிட வேண்டாம். 2018-ல் நம் உச்ச நீதிமன்றம் பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை நீக்கியது. அது விவாகரத்துக்குக் காரணமாக இன்றும் இருக்கிறது. ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம் என்றது, அவ்வளவுதான்.

நான்காவது வழியைச் சுவீடன் 1999-ல் தொடங்கியது. விற்பவருக்குத் தண்டனை இல்லை, வாங்குபவருக்கு உண்டு. இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நம் மாவட்டங்களுக்கு இது பழகிய ஒன்று. குழந்தைத் திருமணம் நடந்தால் மாப்பிள்ளை மீது வழக்கு, நடத்தி வைத்தவர்கள் மீது வழக்கு. அந்தப் பெண்பிள்ளை மீது வழக்கு இல்லை. அவள் பாதிக்கப்பட்டவள் என்று சட்டம் பார்க்கிறது. பாலியல் தொழிலில் உள்ள பெண்ணையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறது சுவீடன் வழி. மறுப்பவர்களின் வாதம், ‘அவர் குழந்தை அல்ல, வயது வந்தவர், அவருடைய முடிவைக் குழந்தையின் முடிவு மாதிரி நடத்தாதீர்கள்’ என்பது.

முடிச்சுக்கு வருவோம் என்றேனே, அது இதுதான். பதினைந்து வயதில் கட்டிக்கொடுத்து, இருபதில் கைவிடப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு பெங்களூருக்கு பஸ் ஏறும் ஒரு பெண்ணின் முடிவை விருப்பம் என்பதா, வேறு வழியின்மை என்பதா? ஒரு தரப்பு, வேறு வழியில்லாமல் எடுத்தது விருப்பமே அல்ல, வாங்கும் ஆணை நிறுத்தினால்தான் இது நிற்கும் என்கிறது. இன்னொரு தரப்பு, வேறு வழி குறைவாக உள்ள பெண்ணிடம் இருக்கும் ஒரே வழியையும் ஆபத்தாக்காதீர்கள் என்கிறது. வாங்குபவருக்குப் போலீஸ் பயம் வந்தால் அவர் இருட்டான இடத்துக்குக் கூப்பிடுவார், அவர் எப்படிப்பட்டவர் என்று எடைபோட அவளுக்கு நேரம் கிடைக்காது என்கிறது. இரண்டு தரப்பிலும் அந்தப் பெண்ணைப் பற்றிய அக்கறை இருக்கிறது என்பதை நான் நம்புகிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு அரசியல்: கனடாவில் நடந்தது

நீதிமன்றம் பிரிவுகளையே நீக்கினால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடா நல்ல பாடம். அங்கேயும் நம் நாட்டைப் போலத்தான், தொழில் குற்றமில்லை, சுற்றியுள்ளவை குற்றம். 2013 டிசம்பர் 20 அன்று பெட்ஃபோர்ட் வழக்கில், விடுதி நடத்துவது, வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் பேரம் பேசுவது ஆகிய மூன்றையும் குற்றமாக்கிய பிரிவுகள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

அதில் நீதிமன்றம் தந்த ஓர் உவமை நமக்கு எளிதில் புரியும். சைக்கிள் ஓட்டுபவர் ஹெல்மெட் போடக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘சைக்கிள் ஓட்டுவது அவர் விருப்பம்தானே, அடிபட்டால் சட்டம் என்ன செய்யும்?’ என்று அரசு சொல்ல முடியுமா? ஓட்டுவதை அவர் தேர்ந்தெடுத்திருக்கலாம், ஆபத்தைக் கூட்டியது சட்டம். வீட்டுக்குள் தொழில் செய்வதும், காவலுக்கு ஆள் வைத்துக்கொள்வதும், முன்பே பேசி ஆளை எடைபோடுவதும் அந்தப் பெண்களின் ஹெல்மெட்கள். அவற்றைச் சட்டம் பிடுங்கியது என்றது தீர்ப்பு.

நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. குற்றநீக்கம் வரும் என்று வழக்குப் போட்டவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு சுவீடன் வழியை எடுத்தது. 2014 டிசம்பர் 6 முதல் அங்கே வாங்குவது குற்றமானது. வழக்கில் ஜெயித்தவர்கள் நாடாளுமன்றத்தில் தோற்றார்கள். தீர்ப்பு கதவைத் திறக்கும், உள்ளே எந்த வழியாகப் போவது என்பதை அரசியல்தான் முடிவு செய்யும்.

நம் நாடாளுமன்றத்தில் நின்றுபோனது

நாமும் ஒருமுறை நெருங்கிப் போனோம். 2006-ல் மத்திய அரசு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தது. பெண்களைச் சிறைக்கு அனுப்பும் 8-வது பிரிவை நீக்குவது, அவர்களை ஊரைவிட்டு வெளியேற்ற மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தரும் 20-வது பிரிவை நீக்குவது என்று அதில் இருந்தது. கூடவே 5சி என்று ஒரு புதிய பிரிவும் இருந்தது, விடுதிக்கு வரும் வாடிக்கையாளரைத் தண்டிக்க.

5சி-யில் வெடித்தது சண்டை. பெண்கள் மேம்பாட்டுத் துறை அமைச்சர் ரேணுகா சவுத்ரி அதை ஆதரித்தார். சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த அன்புமணி ராமதாஸ் எதிர்த்தார். வாடிக்கையாளரை விரட்டினால் தொழில் மறைவுக்குப் போகும், எச்.ஐ.வி. தடுப்பு வேலை கெடும் என்பது சுகாதாரத் துறையின் கவலை. அந்த அன்புமணிதான் பின்னாளில், 2014-ல், நம் தர்மபுரி தொகுதியின் எம்.பி. ஆனார். இந்த விவாதத்தில் ஒரு பக்கத்தைப் பிடித்து நின்றவர் நம் ஊர் எம்.பி.யாக இருந்திருக்கிறார், நம் டீக்கடைகளில் அது ஒருநாளும் பேச்சாகவில்லை.

அமைச்சரவைக்குள்ளேயே முடிவு வராமல் இழுத்தது. 2009-ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. 2018-ல் வந்த ஆள்கடத்தல் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியும் மாநிலங்களவைக்குப் போகாமல் 2019-ல் அதே கதி.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்று. வாங்குபவரைத் தண்டிக்கலாமா என்பதில் இரு தரப்பும் எதிரெதிர். அது இன்னும் நெடுநாள் நடக்கும் விவாதம், நடக்கட்டும். ஆனால் அந்தப் பெண்ணைத் தண்டிக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. சுவீடன் வழிக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள், நியூசிலாந்து வழிக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். 2006 மசோதாவிலும் அது இருந்தது. ஒத்துப்போன விஷயத்தை ஒத்துப்போகாத விஷயத்தோடு ஒரே மூட்டையில் கட்டியதால் இரண்டும் சேர்ந்து போயின. 8-வது பிரிவையும் 20-வது பிரிவையும் மட்டும் நீக்கி ஒரு சின்ன மசோதா, கூடவே ‘இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தால் விடுதி’ என்ற விளக்கத்தில் ஒரு திருத்தம். இதைக் கொண்டுவர எந்தப் பெரிய சண்டையையும் தீர்த்துவிட்டு வர வேண்டியதில்லை. நம் எம்.பி.க்களிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

நம் சாலைகளுக்கு இதில் என்ன வேலை

‘இதெல்லாம் பாம்பே, கல்கத்தா விஷயம், நமக்கெதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் நெடுஞ்சாலை மாவட்டங்கள். 44-ம் எண் சாலை இரண்டையும் ஊடுருவிப் போகிறது. கிருஷ்ணகிரியில் அதோடு சென்னை – பெங்களூரு சாலையும் சேர்கிறது. வேலைக்காகப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போகாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. தெருக்களும் சிவப்பு விளக்குகளும் இங்கே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து அறை, நெடுஞ்சாலை ஓரம், இப்போது செல்போன் என்று சிதறிக் கிடக்கிறது. சிதறிக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

இதற்குச் சுகாதார முகமும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரி கொடுத்த பெண்கள் பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டு காப்பகத்தில் இருந்தவர்கள். நாட்டின் நோய்த்தடுப்பு வரலாறே அவர்கள் ரத்தத்தில் தொடங்கியது. அதன்பிறகு அந்தத் தொழிலில் உள்ள பெண்களையே களப்பணியாளராக்கி, ஆணுறையும் பரிசோதனையும் கொண்டுசேர்த்துத்தான் தமிழ்நாடு நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அரசின் ஒரு கை ஆணுறை கொடுக்கிறது, இன்னொரு கை பையைச் சோதித்து அதையே சாட்சியாக எடுக்கிறது என்றால் எந்தப் பெண் வாங்குவார்? 2022 உத்தரவில் ஆணுறை பற்றிய வரி ஏன் இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

கடைக்கார அம்மாவின் கேள்விக்கு

“அந்தப் பொண்ணுங்க இப்ப எங்க இருக்குதுங்க?”

சட்டப்படி நடந்திருந்தால் இப்படி நடந்திருக்கும். சோதனைக்குப் போன அணியில் இரண்டு பெண் போலீஸாவது இருந்திருக்க வேண்டும். பெண்களை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியிருப்பார்கள். அவர் இவர்களுடைய வயது, குடும்பச் சூழல் பற்றி விசாரிக்கச் சொல்லி, அதுவரை பாதுகாப்பான இடத்தில் வைக்க உத்தரவிடலாம். அது மூன்று வாரத்துக்கு மேல் போகக் கூடாது. விசாரணைக்குப் பிறகு, பராமரிப்பு தேவை என்று அவர் முடிவு செய்தால் 1 முதல் 3 ஆண்டு வரை காப்பகத்துக்கு அனுப்பலாம். இது 17-வது பிரிவு.

செய்தியில் ‘மீட்பு’ என்று நாம் படித்ததற்கு இத்தனை நீளம் இருக்கிறது. ஏமாற்றிக் கூட்டிவரப்பட்ட பெண்ணுக்கு அது உண்மையான மீட்பு. தானாக வந்த, வயது வந்த பெண்ணுக்கு அது தண்டனைபோல ஆகிவிடக்கூடும். குற்றம் செய்த புரோக்கர் ஜாமீனில் வெளியே நடமாடும்போது, குற்றமே செய்யாதவர் காப்பகத்தில் இருப்பார். 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படி வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை விடுவித்தது. வயது வந்த பெண்ணுக்குத் தன் வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, விருப்பத்துக்கு மாறாக நெடுங்காலம் அடைத்துவைக்க முடியாது என்றது.

அந்தப் பெண்ணுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. பெண் என்பதாலேயே, வருமானச் சான்றுகூடக் காட்ட வேண்டியதில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கோர்ட்டோடு சேர்ந்தே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணைக் கூப்பிட்டாலும் போதும். மறுநாள் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். பேனா கேட்டு வாங்கி, பால் கணக்கு எழுதும் நோட்டின் பின் அட்டையில் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டார்.